சாமிக்கு மாசி மகம்... எங்களுக்கு வைகாசி!

எங்கள் பக்கத்துச் சாமிகளுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு பீச் டூர் உண்டு, தெரியுமோ? மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார், செஞ்சி ரங்கநாதர் எல்லோரும் மாசி மகத்தன்று ஜம்மென்று அலங்காரம் பண்ணிக்கொண்டு, வண்டியேறி, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய், தீர்த்தவாரி முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். மேளம் உண்டு, பந்தல் உண்டு, பந்தோபஸ்துக்குப் போலீஸ் உண்டு. லீவ் லெட்டர் எழுத வேண்டிய தொல்லை மட்டும் கிடையாது.

சாமானியன் அப்படிப் போய்விட முடியுமா? அதுவும் குடும்பத்தோடு? மாதச் சம்பளக்காரன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் கடற்கரைக்குப் போய் வருவதென்பது, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த கதைதான். 1690-ல் முற்றுகை போட்டு 1698-ல்தான் உள்ளே நுழைந்தார். எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து பஸ் ஏறியது வரை கணக்குப் பார்த்தால் அவரைவிட ஒரு வருஷம்தான் குறைச்சல்.

என் ஊர் சீயமங்கலம். தேசூருக்குப் பக்கம். மாவட்டப்படி திருவண்ணாமலை, ஆபீஸ்படி, ஆஸ்பத்திரிப்படி, தீபாவளி ஜவுளிப்படி செஞ்சி. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே ஒரு பாறையைக் குடைந்து சிவன் கோயில் பண்ணிவிட்டுப் போனான். 'அவனிபாஜன பல்லவேஸ்வரம்' என்று அதற்கு அவன் பட்டப் பேரையே வைத்தான். நாங்கள் சுருக்கமாகத் தூணாண்டார் கோயில் என்போம். உள்ளே தூணில் சிவன் ஆடிக்கொண்டிருப்பார். பக்கத்தில் பாம்பு படமெடுத்துக்கொண்டிருக்கும். மலைமேல் ஏறினால் சமணச் சிற்பங்கள். செஞ்சிக்குப் போனாலோ ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வளைத்துக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

ஆக, கல்லுக்குக் குறைச்சலில்லை. கடல்தான் இல்லை.

என் அம்மாவுக்கு வயசு 68. ஏரி பார்த்திருக்கிறாள், சாத்தனூர் அணை பார்த்திருக்கிறாள். கடலை சினிமாவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். பேரன் ஒரு நாள், "ஏன் ஆயா, கடல் தண்ணி நெஜமாவே உப்பா இருக்குமா?" என்று கேட்க, "எனக்கு இன்னாடா தெரியும், நான் இன்னா குடிச்சா பார்த்தேன்" என்று அவள் சொன்னாள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான வாசகர்களுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும். கல்யாணமாகாதவர்களுக்குப் போகப் போகத் தெரியும்.

அன்று ராத்திரியே திண்ணையில் மீட்டிங். ஆஜரானவர்கள்: அம்மா, மனைவி, ஒன்பதாவது படிக்கும் பெண், மூன்றாவது படிக்கும் பையன், லீவுக்குத் தாம்பரத்திலிருந்து வந்திருந்த மச்சினன், அப்புறம் அடியேன்.

மச்சினன் எடுத்த எடுப்பில், "மெரினாதான் மாமா! வேற பேச்சே இல்ல" என்றான். அவனுக்குச் சென்னைதான் உலகம். வடக்கே நேப்பியர் பாலம், தெற்கே லைட்ஹவுஸ், அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் இலங்கை.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெரினா என்றால் மெரினாதான். கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் அங்கே நடைபாதை போட்டு இத்தாலிப் பேரையும் வைத்துவிட்டுப் போனார். உழைப்பாளர் சிலை, காந்தி சிலை, 2013-லிருந்து பொதுமக்களை மேலே ஏற விடுகிற கலங்கரை விளக்கம், தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், பலூன் சுடுகிற கடை, குதிரை... பையன் குதிரை என்றதும் ஓட்டுப் போட்டுவிட்டான்.

"சரிடா, அம்மாவுக்கு முட்டி வலி. ரோட்டிலிருந்து அலைக்கு எவ்ளோ தூரம் தெரியுமா? சராசரி 300 மீட்டர் மணல். அகலமான இடத்துல 437. கட்டாந்தரையில நடக்கவே அவங்க கையைப் பிடிக்கணும்" என்றேன்.

"அதுக்கும் வழி இருக்கு மாமா. சக்கர நாற்காலி போறதுக்குன்னே 2022 நவம்பர்ல மரப்பாதை போட்டாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல பிய்ச்சுக்குச்சு. அப்புறம் சரி பண்ணிட்டாங்க."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "என்னை எதுக்குடா நாற்காலியில தள்ளிக்கினு போறீங்க? கால் இருக்கு இல்ல?"

மெரினாவுக்கு விழுந்த முதல் அடி அது.

மனைவிக்கு வேறு கவலை. "கூட்டத்துல புள்ளைங்க தொலைஞ்சா?" அவள் காணும் பொங்கலை நினைத்துச் சொல்கிறாள். அன்றைக்கு மெரினாவில் லட்சக்கணக்கில் ஜனம். போலீஸ்காரர்களே குழந்தைகள் கையில் அப்பா அம்மா போன் நம்பர் எழுதின பட்டையைக் கட்டிவிடுவார்கள். கடலில் யாரும் இறங்கக்கூடாது என்று சவுக்குக் கட்டையில் தடுப்பும் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டை யோசனை எனக்குப் பிடித்திருந்தது. எந்தக் கடற்கரைக்குப் போனாலும், காணும் பொங்கலாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தை கையில் ஒரு துணிப் பட்டையில் பால்பாயின்ட் பேனாவால் நம்பரை எழுதிக் கட்டுங்கள். செலவு ஒரு பைசா இல்லை. பையன் தொலைந்துபோனால் நம் பேரைச் சொல்லுவான்; நம் நம்பர் அவனுக்கு எங்கே தெரியும்? போனுக்கே தெரிந்தால் போதும் என்று நாமே இருக்கிறோம்!

"மாமல்லபுரம் போலாமே" என்று பெண் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். "அங்க குகைக் கோயில் எல்லாம் இருக்கு. பல்லவர் கட்டினது."

"இங்க இருக்கறது யார் கட்டினதுடி?" என்றாள் அம்மா. திருத்தம் தோல்வி.

அப்போதுதான் புதுச்சேரி என்று நான் சொன்னேன். உடனே மனைவி, "எதுக்கு?" என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் தேவை. எங்கள் ஜில்லாவில் ஓர் ஆண்பிள்ளை 'பாண்டிக்குப் போறேன்' என்று சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கடல் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் கடலே நம்பாது. ஆபீசில் லீவ் லெட்டர் நீட்டியபோது ஹெட்கிளார்க் முகமெல்லாம் மலர்ந்து, "பாண்டியா? பலே! யார் யார் செட்டு?" என்றார்.

"அம்மா, சம்சாரம், குழந்தைங்க சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் வழிந்தது. "குடும்பத்தோட பாண்டியா... எதுக்குய்யா வீண் செலவு? சரி, வர்றப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு..."

"செக்போஸ்ட்ல பிடிப்பாங்க சார்."

"அம்மா பையில வெச்சா யார் பார்க்கப் போறாங்க?"

இந்த யோசனையை நான் வீட்டில் சொல்லவில்லை. உயிர் மேல் ஆசை இருக்கிறது.

திண்ணைக்கு வருவோம். புதுச்சேரியை நான் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. செஞ்சியிலிருந்து திண்டிவனம் 28 கிலோமீட்டர், அங்கிருந்து ஏறக்குறைய 40. ஒரே நாளில் போய் வரலாம். கடலை ஒட்டியே ரோடு. சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அந்த ரோட்டில் வண்டி ஓட்டக்கூடாது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கலாம், குழந்தைகள் ரோட்டிலேயே ஓடலாம்.

"பாண்டில மணலே இல்ல மாமா! வெறும் கல்லு. ராக் பீச்னுதான் பேரே. கல்லைப் பார்க்கறதுக்கு சீயமங்கலத்துலேர்ந்து எதுக்கு பஸ் ஏறணும்?" என்று மச்சினன் போட்டான் ஒரு போடு. திண்ணையே சிரித்தது.

உண்மைதான். ஆனால் அந்தக் கல் வந்த கதை சுவாரஸ்யமானது. நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து அடிப்பதால், மணல் கரையோரமாகவே வடக்கே வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். திண்டிவனத்தில் ஏறி மெட்ராஸ் போகிற பஸ் மாதிரி. குறுக்கே துறைமுகம் என்று கல்லைக் கொட்டி ஒரு தடுப்புச் சுவர் கட்டினால் என்ன ஆகும்? தெற்கே வந்த மணல் அங்கேயே இறங்கிவிடும். வடக்கே நிற்கிற பயணிக்கு பஸ் வராது; அங்கே இருந்த மணலும் போய்விடும்.

சென்னையில் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா. அதனால் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் வந்ததும் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இத்தனை அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்துக்கொண்டு போனது. புதுச்சேரியில் கதை தலைகீழ். 1980-களின் கடைசியில் கட்டின துறைமுகம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. கடற்கரை வடக்கே மாட்டிக்கொண்டது. மணல் போச்சு, கருங்கல்லைக் கொட்டினார்கள். ஒரே சமாச்சாரம், ஒரு ஊருக்கு மணலைக் கொடுத்தது, இன்னொரு ஊருக்கு இருந்ததையும் பிடுங்கிக்கொண்டது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி இல்லை?

அப்புறம் 2018, 19 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு இரும்புத் திட்டைப் போட்டு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலை வரவழைத்திருக்கிறார்கள். பெரிசு இல்லை. ஒரு கிழவி கால் நனைக்கப் போதும்.

இதையெல்லாம் நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கே, "உங்கப்பாவைக் கரைச்சது எந்தக் கடல்டா?" என்றாள்.

திண்ணையில் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா போய் 9 வருஷம். சாம்பலையும் எலும்பையும் பானையில் எடுத்துக்கொண்டு நானும் சித்தப்பாவும் இன்னும் நாலு பங்காளிகளும் புதுச்சேரிக்குப் போய், வைத்திக்குப்பத்தில்தான் கரைத்துவிட்டு வந்தோம். பொம்பளைகள் வரக்கூடாது என்பது வழக்கம். அம்மா அன்றைக்கு வாசல் நடையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். 'நல்லபடியா ஆச்சா' என்று கேட்டாள், 'ஆச்சு' என்றேன். அவ்வளவுதான் அது பற்றி நாங்கள் பேசினது.

"புதுச்சேரிதாம்மா" என்றேன்.

"அப்ப அதையே காட்டு."

மச்சினன் அப்புறம் மெரினா பேச்சை எடுக்கவில்லை. "நானும் வர்றேன் மாமா" என்றான். பையன் மட்டும் குதிரை உண்டா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அம்மாவிடம் கிள்ளு வாங்கிக்கொண்டான்.

எந்த ஊர் என்பது முடிந்தது. எந்த நாள் என்பதற்கு இன்னொரு முற்றுகை.

கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலில் விழாது, நமக்குப் பின்னால் ஊருக்குள்தான் விழும். உதயம் பார்க்கலாம்; ஆனால் சீயமங்கலத்திலிருந்து உதயத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் முந்தின நாளே புறப்பட வேண்டும். மத்தியானம் கடற்கரை என்பது வறுகடலைச் சட்டி. ஆகவே சாயங்காலம்தான். சாயங்காலத்தில் கடலில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், நிலா. பௌர்ணமியன்று சூரியன் இந்தப் பக்கம் இறங்கும்போது நிலா அந்தப் பக்கம் கடலுக்குள்ளிருந்து எழும்பும். காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி. லீவோ கோடை லீவு. வைகாசிப் பௌர்ணமி என்று காலண்டரில் வட்டம் போட்டேன்.

"மூளை இருக்கா உங்களுக்கு?" என்றாள் சகதர்மிணி. "பௌர்ணமின்னா கிரிவலம் இல்ல?"

அவள் சொன்னது லட்சத்தில் ஒரு வார்த்தை. லட்சம் என்ன, பல லட்சம். பௌர்ணமியன்று திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை ரோட்டில் ஒரு பஸ்ஸிலும் கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் கிழக்கே போகும்போது பஸ் காலியாக இருக்கும். ராத்திரி அதே ரோட்டில் மேற்கே திரும்ப வேண்டுமே! கிரிவலக் கூட்டத்தோடு சேர்ந்து அம்மாவை ஜன்னல் வழியாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

மறுநாள் என்றால்? நிலா ஏறக்குறைய 50 நிமிஷம் தாமதமாக வரும். அது இன்னும் விசேஷம். நன்றாக இருட்டின பிறகு எழும்பும். கிரிவலக் கூட்டமும் காலையிலேயே ஊர் திரும்பியிருக்கும். மத்தியானம் புறப்பட்டால் ரோடு நம்முடையது. நான் இதைச் சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டபோது, பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், "அப்பா, அன்னிக்குப் பிரதமை" என்றாள்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா என்றால் லேசுப்பட்டவள் இல்லை. ராகு காலத்தில் முறுக்குக்கு மாவுகூடப் பிசைய மாட்டாள். பிரதமையில் புது விளக்குமாறு வாங்கிவந்ததற்காக என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"அவரைப் பார்க்கப் போறதுக்கு எனக்கு இன்னாடா நாளு, கெழமை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பாக்கி எல்லாம் மளமளவென்று முடிந்தது. கார் வேண்டாம், அம்மாவுக்கு ஏ.சி. கார் குமட்டும். பஸ்தான். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை. வெளியூர் பஸ்ஸில் உண்டு. 'அங்க மட்டும் நாங்க ஆம்பளையா?' என்று அம்மா கண்டக்டரைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், கேட்டாள். சாப்பாடு: புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். (லெமன் சாதம் சாயங்காலத்துக்குள் கசந்துவிடும் என்பது மனைவியின் தீர்ப்பு, அப்பீல் கிடையாது.) மாற்றுத் துணி ஆளுக்கு ஒன்று. தண்ணீர் 6 பாட்டில். அம்மாவின் முட்டித் தைலம் ஒரு பாட்டில். அது முற்பிறவியில் பிராந்தி பாட்டில். கிராமத்தில் எண்ணெய், தைலம், வேப்பெண்ணெய் எல்லாம் இப்படித்தான் மறுபிறவி எடுக்கும். ராத்திரி செஞ்சியில் சித்தி வீட்டில் தங்கல்.

பொம்பளைகள் கேட்கிற முதல் கேள்வியை ஆண்கள் பிளான் போடும்போது யோசிப்பதே இல்லை: பாத்ரூம் எங்கே? கடற்கரைக்குப் போகும் முன் நல்ல ஓட்டலாகப் பார்த்துக் காபி சாப்பிடுவது என்று ஏற்பாடு. காபி ஒரு சாக்கு. ஆறு காபிக்குக் கொடுக்கிற காசு காபிக்கானது இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் பில்லைப் பார்த்து வயிறு எரியாது.

புதுச்சேரியில் இறங்கும்போது மணி நாலரை. காபி முடித்து, ஆட்டோவில் போய்க் காந்தி சிலை அருகே இறங்கினோம். அம்மா முதலில் கடலைப் பார்க்கவில்லை. சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்களைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் கல்லு மாதிரி இருக்கே" என்றாள்.

"நம்ம ஊருதான். செஞ்சியிலேர்ந்து வெள்ளைக்காரன் கொண்டாந்தது" என்றேன். 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்தார். 1761-ல் ஆங்கிலேயர் பிடுங்கும் வரை அவர்கள் ராஜ்யம்தான். அந்தச் சம்பந்தத்தில் வண்டியேறி வந்து கடற்கரையில் நிற்கிற தூண்கள் இவை, எட்டு. அம்மா ஒன்றைத் தடவிப் பார்த்தாள். "இதுங்களாவது முன்னாடியே வந்து பார்த்துச்சே" என்றாள்.

அப்புறம் திரும்பினாள்.

என்ன சொல்லுவாள் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "சத்தம் போட்டுக்கினே இருக்குமா? ராத்திரியில கூடவா?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"ம்..."

மெதுவாக வடக்கே நடந்தோம். 1836-ல் ஏற்றின பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் செத்தவர்களுக்கு 1938-ல் கட்டின நினைவுச் சின்னம். இடது பக்கம் இதையெல்லாம் பெண் பார்த்துக்கொண்டு வந்தாள். வலது பக்கம் கருங்கல் குவியல். அலை வந்து மோதித் தண்ணீர் சிதறுகிறது. பாசி படிந்த கல், வழுக்கினால் சந்துக்குள் போக வேண்டியதுதான். அதன் மேல் நின்று செல்ஃபி எடுக்கிற சூரர்களைப் போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டிக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று நகரத்தின் இந்தப் பகுதி பெரிய சேதமில்லாமல் தப்பித்ததற்கு இந்தக் கல் அணையும் ஒரு காரணம் என்று மச்சினனிடம் சொன்னேன். "அப்ப கல்லுக்கும் மரியாதை உண்டு மாமா" என்று ஒத்துக்கொண்டான்.

மணல் பகுதிக்கு வந்தோம். குளிக்கத் தடை. ஓரத்தில் நின்று கால் நனைக்கிறவர்களை ஒன்றும் சொல்லவில்லை. பையன் கையில் பட்டை, இடுப்பில் மச்சினன் கை. கால் நனைக்கிறதுதானே என்று விடுவதற்கில்லை; மெரினாவானாலும் புதுச்சேரியானாலும் நம் கரையில் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அலை திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகும். உள்ளே இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி வர வேண்டும் என்பார்கள். முழங்காலுக்கு மேல் போகாமலிருப்பது அதைவிட சுலபம்.

"வைத்திக்குப்பம் எங்கடா?"

வடக்கே கை காட்டினேன். "அதோ, அந்தப் படகுங்க தெரியுது பார். ஒண்ணு ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோ வெச்சுப் போலாமா?"

அம்மா யோசித்தாள். "வேணாம். தண்ணி ஒண்ணுதானே."

என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதல் அலை வந்தபோது "அம்மாடி" என்று சின்னப் பெண் மாதிரி கத்தினாள், பேத்தி சிரித்தாள். இரண்டாவது அலைக்குக் கத்தவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு வெற்றிலையையும் கொட்டைப்பாக்கையும் எடுத்தாள். அப்பா வெற்றிலைப் பிரியர். அதைக் குனிந்து தண்ணீரில் விட்டாள். அலை அதை இழுத்துக்கொண்டு போயிற்று. அடுத்த அலை கொண்டுவந்து அவள் கால் மேலேயே போட்டது.

"பாரு, சுண்ணாம்பு இல்லன்னு திருப்பி அனுப்புறாரு" என்றாள் அம்மா.

என் மனைவி சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். அம்மா திரும்பவும் எடுத்து விட்டாள். மூன்றாவது தடவை போய்விட்டது.

ஏழேகாலுக்கு மேல், நல்ல இருட்டில், செம்பு நிறத்தில் நிலா எழும்பியது. அடிவானத்தில் கொஞ்சம் மேகம், அதனால் பாதிதான் முதலில் தெரிந்தது. வண்டி இல்லாத ரோட்டில் பையன் ஓடிக்கொண்டிருந்தான். நாங்கள் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். பக்கத்தில் யாரோ வடநாட்டு ஜோடி, அதற்கப்பால் ஒரு பிரெஞ்சுக் கிழவர். எல்லோருக்கும் மனைவி ஒரு கை வறுவல் கொடுத்தாள். புறப்படும்போது அம்மாவைக் காணோம். பார்த்தால், பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மறுபடி மணலில் இறங்கி, காலியாகிவிட்ட தைல பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஆறு பேருக்கும் சீட். மாநில எல்லையில் செக்போஸ்ட். டார்ச் லைட்டோடு இளவட்டப் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். எனக்கு முன் சீட்டில் ஒருத்தர் பையை மடியில் இறுக்கிக்கொண்டு தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். டார்ச் அவரைத் தாண்டி வந்து அம்மாவின் கூடையில் நின்றது.

"பாட்டி, இது இன்னா பாட்டிலு?"

ஹெட்கிளார்க்கின் முகம் எனக்குக் கண்ணெதிரே வந்து போயிற்று.

"கடல் தண்ணிப்பா" என்றாள் அம்மா.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. போலீஸ்காரர் பாட்டிலை எடுத்து, லேபிளைப் பார்த்தார்; மூடியைத் திறந்து மோந்தார்; முகத்தைச் சுளித்தார். விரலில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அம்மாவையே ஒரு நிமிஷம் பார்த்தார்.

"எதுக்குப் பாட்டி இது?"

"வூட்டுக்குத்தான். நல்லா இறுக்கி மூடிக் குடு தம்பி, சிந்தப் போவுது."

இறுக்கி மூடிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். முன் சீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.